நான் மட்டும்தான் படிப்பேன்

வடக்குப்பட்டு
14.9.2012

அன்புள்ள ஜாஸ்மின் மிஸ்ஸுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு அம்சவல்லி எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. நீங்கள் நலமா என்று கேட்கிற நிலைமையிலும் இல்லை. கவுன்சலிங் மிஸ் என்று பெயர், மாதத்தில் இரண்டு புதன்கிழமைதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறீர்கள். அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் என் கதை முடிந்துவிடும். அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர் ரூம் முகவரிக்கு எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் சுடலை என்று ஒரு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரகடம் ஒயர் கம்பெனிகளுக்குப் பெண்களைச் சேர்த்துவிடுகிற ஏஜென்ட், தெற்கத்திக்காரன். அப்பா அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எம் பொண்ணு படிக்கிது, நீ கெளம்பு நைனா" என்றார். அவன் கிளம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

"அண்ணாச்சி, நானா ஒண்ணும் சொல்லல. ஒங்க மவளே எழுதிருக்கா, கேளுங்க. ‘அப்பா குடித்துவிட்டு வருகிற நாளில் கக்கூசுக்குள் உட்கார்ந்து படிக்கிறேன். இந்த வீட்டை விட்டுப் போனால் போதும்.’ நாங்க ஹாஸ்டல் தாரோம், சாப்பாடு தாரோம். அவ கேட்டதத்தானே குடுக்கோம்?"

மிஸ், அது என் வாக்கியம். ஜூலை மாதம் நீங்கள் கொடுத்த ‘என் பாதை’ தாளில், ‘நான் எதிலிருந்து விலக விரும்புகிறேன்’ என்ற கேள்விக்குக் கீழே நான் எழுதியது. ‘இதை நான் மட்டும்தான் படிப்பேன், உங்கள் அம்மா அப்பாகூடப் படிக்க மாட்டார்கள்’ என்று நீங்கள் சொன்னதால் எழுதியது. இல்லையென்றால் நானும் எல்லாரையும்போல ‘டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைந்து கொடுத்திருப்பேன்.

வீட்டை விட்டுப் போவது என்றால் ஒயர் கம்பெனிக்கா? அதற்கு அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேனே, காலேஜ் ஹாஸ்டலில் தங்கி சர்வே படிக்க வேண்டும் என்று. எங்கள் நிலத்தைக் கம்பெனிக்காக அளக்க வந்தவர்கள் மூன்று கால் பெட்டியை வைத்து நாள் முழுக்க ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து எங்கள் கிணற்றையே படத்தில் குறிக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் நான் நிற்க வேண்டும். கடைசியில் அப்பாவைப் பற்றியும் நாலு வரி எழுதியிருந்தேன். அதையெல்லாம் சுடலை படிக்கவில்லை. இரண்டு வரியோடு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பழகின விஷயம்தானே என்று இருந்திருப்பேன். என் முகத்தைப் பார்க்காமல், "போவணும்னா போவட்டும்" என்றார். இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.சி. வாங்கிவிட்டார். திங்கட்கிழமை காலையில் என்னை பஸ் ஏற்றுகிறார்கள்.

யாரிடம் கொடுத்தீர்கள் மிஸ்? எப்படியாவது அதற்குள் வந்து அப்பாவிடம் பேசுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

இப்படிக்கு,
சி. அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
19.9.2012

அன்பு அம்சாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை மதியம்தான் என் கைக்கு வந்தது. படித்த கையோடு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன். உன் அம்மா மீனம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "காலீலயே ஏத்தினு பூட்டாங்கம்மா" என்று சொல்லி அழுதார். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் சந்திரம்மாள் உங்களுக்குச் சொந்தம் என்றும், அங்கே எழுதினால் ஹாஸ்டல் வார்டன் கண்ணில் படாமல் உனக்கு வந்து சேரும் என்றும் அவர்தான் சொன்னார்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் யாரிடமும் கொடுக்கவில்லை. உன் தாள் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்தில் யாரோ எடுத்து நகல் போட்டிருக்க வேண்டும். யார் என்று கண்டுபிடிப்பேன். நீ எழுதியதை நான் மறக்கவில்லை அம்சா, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய்.

இப்போது அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியரைப் பார்த்தேன். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் நவம்பர் ஒன்பதாம் தேதி அனுப்பப்படுகிறது. அதற்குள் உன் அப்பா நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியல் போய்விட்டால் இந்த வருடம் நீ பரீட்சை எழுத முடியாது. ஐம்பது நாள் இருக்கிறது, கர்த்தர் கைவிட மாட்டார். புத்தகத்தை விட்டுவிடாதே.

பிரியமுள்ள,
ஜாஸ்மின்


சுங்குவார்சத்திரம்
10.10.2012

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதத்தைச் சந்திரம்மாள் அக்கா வடை மடிக்கிற பேப்பர் கட்டுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தார். எண்ணெய்க் கறையைத் தாண்டிப் படித்தேன். நீங்கள் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அது போன மாதம்.

இங்கே காருக்குள் ஓடுகிற ஒயர்களைப் பலகையில் பரப்பி, கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி, ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. போட்டுவிடுகிறார்கள், தீபாவளிக்கு முன்னால் லீவு கிடையாது. "இன்னாமே, டேப்பு சுத்துறியா, தாலாட்டினுகீறியா?" என்பார் சூப்பர்வைசர். இயற்பியல் புத்தகத்தை எடுத்து வந்திருக்கிறேன். ரூமில் பத்துப் பேர், புத்தகம் தலைக்கு வைத்துக்கொள்ளத்தான் உதவுகிறது. அப்பாவின் போனுக்கு மூன்று தடவை அடித்தேன். என் குரல் கேட்டதும் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

போன வியாழக்கிழமை எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வந்தது. வெளிநாட்டு ஆட்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களையெல்லாம் லைனிலிருந்து இறக்கி ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். அவர்கள் போகிற வரைக்கும் பஸ் ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, சுற்றிக்கொண்டே இருந்தது. திரை இடுக்கில் ராமானுஜர் கோயில் கோபுரத்தை நான்கு தடவை பார்த்தேன். இறங்காமல் கும்பிட்டால் புண்ணியத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியவில்லை.

அந்த பஸ்ஸில் நாங்கள் ஏழு பேர். எப்படி வந்து மாட்டினோம் என்று பேச்சு வந்தது. இசக்கிசெல்வி என்று ஒருத்தி, தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். "எங்க வீட்டுக்கும் அந்தாளு காயிதத்தோடதான் வந்தாம்ட்டி. ‘என் பாதை’ல நான் எழுதுனத அப்படியே அய்யாட்ட ஒப்பிக்கான்" என்றாள். அவள் படித்தது வேறு பள்ளிக்கூடம்.

பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஏழு பேரில் ஐந்து பேருக்கு உங்களைத் தெரியும் மிஸ். மூன்று பள்ளிக்கூடம். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரோ நகல் எடுத்தார்கள் என்றால், இசக்கிசெல்வி எழுதியது அவன் பைக்குள் எப்படிப் போனது? மூன்று பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான்.

நான் கேட்டது ஒரே கேள்வி. திரும்பவும் கேட்கிறேன்.

அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
17.10.2012

அம்சா,

பொய் சொன்னேன். உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது, வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

எனக்குச் சம்பளம் கொடுப்பது ஓர் அறக்கட்டளை. அந்த அறக்கட்டளையை நடத்தப் பணம் கொடுப்பது கம்பெனிகள். வேலை செய்ததற்கு மாதாமாதம் அத்தாட்சி கேட்பார்கள். ஜூலை மாத அறிக்கைக்கு, "ஒரிஜினலையே குடுங்க மேடம், ஜெராக்ஸ் போட்டுத் திருப்பித் தாரேன்" என்றார் எங்கள் மேலாளர் வனமாமலை. மூன்று பள்ளிக்கூடத்துத் தாள்கள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ரப்பர் பேண்டு போட்டு அப்படியே கொடுத்துவிட்டேன். பெயரைக்கூட மறைக்கவில்லை. வீட்டில் கஷ்டம் என்று எழுதியவர்களை அங்கே பிரித்து, ‘வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு ஏற்றவர்கள்’ என்று ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து சுடலையின் கைக்குப் போயிருக்கிறது.

வனமாமலையிடம் போய்ச் சத்தம் போட்டேன். "இதுல என்ன தப்பு மேடம்? கஷ்டப்படுத பிள்ளைகளுக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு. வாழ்க்கைல லட்சியம் வேணும், லட்சியம் வேணும்னு நீங்கதான சொல்லுதீங்க" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது என் படிப்பில் முதல் நாள் பாடம். அதை வைத்துத்தான் வேலையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். உள்ளே விட்டார். "எம் பொண்ணு இன்னா எழுதிச்சின்னு கண்டவன் வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமாம்மா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "வேற இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டார். நல்லாத்தான் எழுதியிருக்கா என்றேன். "நல்லான்னா?" என்றார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விடமாட்டேன் அம்சா. குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அது முடிய மாதக்கணக்காகும். ஒன்பதாம் தேதிக்குள் உன் அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் வழி. அவரை எப்படித் திருப்புவது என்று நீயே ஒரு வழி சொல்.

ஜாஸ்மின்


சுங்குவார்சத்திரம்
23.10.2012

மிஸ்,

படித்தேன். கோபமெல்லாம் பிறகு பட்டுக்கொள்கிறேன், இப்போது நாள் இல்லை.

என்ன மிஸ் நீங்கள்? அப்பாவே வாயைத் திறந்து கேட்டிருக்கிறார். என் அப்பா ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்கிற ஆள் கிடையாது. கேட்ட மனிதரிடம் அந்தக் கடைசி நாலு வரியைச் சொல்லியிருக்கக் கூடாதா? அது முழுக்க அவரைப் பற்றியதுதானே. எங்கள் நிலம் இருந்த இடத்தில் நிற்கிற கம்பெனியிலேயே அவர் இன்று புல் வெட்டுகிறார். அவர் ஏன் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அந்த நாலு வரி எழுதினேன். அதைக் கேட்டால் மறுநாளே பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பார். மற்றதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, இது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நான் வீட்டுக்குக் கடிதம் போட்டால் பக்கத்து வீட்டு சுப்பன்தான் படித்துச் சொல்ல வேண்டும். சுப்பன் படித்தால் ஊர் படித்த மாதிரி. போனில் அம்மாவிடம் சொல்லலாம் என்றால் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். ஏற்கெனவே ஒருத்தன் படித்து அவர் தலை குனிந்தது போதும்.

அதனால் நீங்கள் போங்கள். தாளைத் திரும்ப வாங்கி எடுத்துக்கொண்டு போய், அவரை மட்டும் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டுங்கள். அது என் தாள், நான் அனுமதி தருகிறேன். தாள் கிடைக்காவிட்டாலும் ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள். நீங்கள்தான் மறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே.

பதினேழு நாள் இருக்கிறது. சாமிக்கு வேண்டிக்கொண்டு டேப் சுற்றுகிறேன்.

அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
7.11.2012

அம்சா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அறக்கட்டளை அலுவலகத்து வாசலில்தான் இருந்தேன். இன்று தருகிறோம், நாளை தருகிறோம் என்றார்கள். நேற்றுதான் வனமாமலை வாயைத் திறந்தார். பழைய காகிதங்களோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். ஜெராக்ஸும் இல்லை, சுடலையிடம் போன பிரதியும் இல்லையாம்.

தாள் இல்லாவிட்டாலும் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னாய். அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் உன் பெயர் இப்போது பட்டியலில் இருந்திருக்கும். ஏன் போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இதை மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

உன் தாளை நான் படிக்கவில்லை அம்சா.

யார் தாளையும் படிக்கவில்லை. அறிக்கைக்குக் கடைசி நாள், இருநூற்றுப் பன்னிரண்டு தாள், மூன்று பள்ளிக்கூடம். அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். தாள் திரும்பி வரவே இல்லை, நானும் கேட்கவில்லை. உன் வீட்டில் உன் அப்பா கேட்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ கடிதத்தில் எழுதியிருந்தது மட்டும்தான். அந்த சர்வே விஷயத்தையாவது சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேனே என்ற பயம். பிறகு உனக்கு ‘அழகாக எழுதியிருந்தாய்’ என்று எழுதிய கையால் இதை எப்படி எழுதுவது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். தாள் கிடைத்துவிட்டால் இதை நீ தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று ஓர் ஆசை. அந்த ஆசையில் உன் நாட்களைத் தின்றுவிட்டேன்.

இன்று உன் அப்பாவிடம் போய் சர்வே படிப்பைப் பற்றிச் சொன்னேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீ அன்னிக்கே சொல்லலியே" என்றார். அவர் இனி என் பேச்சை நம்பத் தயாரில்லை.

மனுவைக் கொடுத்துவிட்டேன். தாள்களைக் கொடுத்தது நான் என்று என் பெயரையும் அதில் எழுதியிருக்கிறேன். வேலையையும் விட்டுவிட்டேன். இதெல்லாம் உனக்கு எந்த விதத்திலும் உதவாது என்று தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாலு வரியை எழுதி அனுப்புவாயா? பட்டியல் போய்விடும், இருந்தாலும் நான் படிக்க வேண்டும். இந்த முறை உண்மையாகவே நான் மட்டும்தான் படிப்பேன்.

ஜாஸ்மின்


வடக்குப்பட்டு
18.11.2012

ஜாஸ்மின் மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. ஷிப்டுக்குப் போகிற வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். சந்திரம்மாள் அக்கா, "இன்னாடி, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு டேப் சுற்றப் போனேன்.

சுடலை படித்திருக்கிறான். உங்கள் ஆபீசில் யாரோ படித்துப் பிரித்திருக்கிறார்கள். கம்பெனியில் படித்திருக்கிறார்கள். படிக்கிறேன் என்று சொன்ன நீங்கள் ஒருத்தர்தான் படிக்கவில்லை. பொய்யைக்கூட மன்னித்துவிட்டேன் மிஸ், பயத்தில் எல்லாரும் சொல்வதுதான். இதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு ஆறு நாள் லீவு கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அந்தாளு படிச்சது ரெண்டு வரிப்பா. மீதிய நான் சொல்றேன்" என்றேன். அவர் எழுந்து போகவில்லை. முதலில் சர்வே படிப்பைச் சொன்னேன், அப்புறம் அந்த நாலு வரியைச் சொன்னேன். தாளில் எழுதியதைவிட வாயால் சொல்வது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இடையில் இரண்டு தடவை அழுதேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு "அந்த மூணு கால் பொட்டில எட்டிப் பாத்தா இன்னா தெரியும் கண்ணு?" என்று கேட்டார். எனக்கும் தெரியாதுப்பா என்றேன்.

வியாழக்கிழமை தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். நானும் போனேன். பட்டியல் போய் ஆறு நாள் ஆகிறது என்றார் தலைமையாசிரியர். "ஒரே பேருதானே சார், ஓரமா எழுதிக்க முடியாதா?" என்று அப்பா கேட்டார். முடியாது என்று அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். அப்பா விளங்கின மாதிரி தலையாட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அதையே கேட்டார். என் அப்பா ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நிலத்துக்குக்கூடக் கெஞ்சவில்லை. அன்றைக்கு ராத்திரி குடித்துவிட்டு வந்தார், நான் கக்கூசுக்குள் போய் உட்காரவில்லை.

அக்டோபரில் அவர் கேட்டபோது யாராவது சொல்லியிருந்தால் போதும். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எப்படி எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

நாளைக்குக் கம்பெனிக்குத் திரும்பிப் போகிறேன். போக வேண்டாம் என்று அப்பா சொன்னார். பள்ளிக்கூடமும் இல்லாமல், வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அடுத்த வருடம் தனியாகப் பணம் கட்டி எழுதலாம் என்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து என்ன படிப்பேன், என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை. பிப்ரவரியில் எனக்குப் பதினெட்டு ஆகிறது. இனி ஆடிட் வந்தால் பஸ்ஸில் சுற்ற வேண்டியிருக்காது, அந்த மட்டில் லாபம்.

உங்கள் மனுவுக்கு விசாரணை வந்தால் நானும் இசக்கிசெல்வியும் வந்து நடந்ததைச் சொல்வோம். மற்ற மூன்று பேர் பயப்படுகிறார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அந்த நாலு வரியை உங்களுக்கு எழுத மாட்டேன். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மிஸ். நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதனால்தான் அவ்வளவும் எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்தால் இனி வாங்க வேண்டாம் என்று சந்திரம்மாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

சி. அம்சவல்லி